சிப்பிக்குள் முன்பே முத்து உண்டா?

தூத்துக்குடிக் கடலில் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பில், சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவது வழக்கம். வாங்கியவர் தமக்குக் கிடைத்ததை அதிர்ஷ்டம் என்பார். ஆனால் முத்து உள்ளே உண்டா, இல்லையா என்பது ஏலத்திற்கு முன்பே முடிவான செய்தி. அறியாமைக்கு அவர் இட்ட பெயரே அதிர்ஷ்டம். உலகில் நாம் தற்செயல் என்று சொல்வதெல்லாம் இத்தகையதுதானா?

வானிலையைப் பொறுத்தவரை ஆம் எனலாம். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்ட, ஆத்தூர் வட்டாரம் வெள்ளக்காடாயிற்று. காற்றும் நீரும் இயற்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டவையே. எனினும் தொடக்கத்திலுள்ள மிகச் சிறு வேறுபாடும் விரைந்து பெருகிவிடுவதால், நெடுநாள் முன்னதாக வானிலையைக் கணிக்க இயலாது என்பதை 1963இல் எட்வர்ட் லோரன்ஸ் காட்டினார். இதுவே 'கேயாஸ்' எனப்படும் குழப்ப இயக்கம். 1994இல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முரளி, லட்சுமணன் இருவரும் கலிபோர்னியாவின் லியோன் சுவாவுடன் வெளியிட்ட எளிய மின்சுற்று, ஒருசில உறுப்புகளைக் கொண்டே இக்குழப்பத்தை உண்டாக்கிக் காட்டியது. அங்கே விதி உண்டு, முன்னறிவு இல்லை.

அணுவுலகின் தற்செயலும் இதுபோன்றதாய் இருக்குமோ? ஒரு ரேடியம் அணு இன்று சிதையுமா, ஆயிரம் ஆண்டு கழித்தா என்பதைக் குவாண்டம் இயற்பியல் சொல்வதில்லை; நிகழ்தகவை மட்டுமே தருகிறது. அதற்கும் அடியில் ஒரு குழப்ப இயக்கம் மறைந்திருக்கலாம் அல்லவா? 1952இல் டேவிட் போம் துகள்களுக்கு நியதியான பாதைகளை வகுத்தார். அப்பாதைகளின் குழப்பமே குவாண்டம் நிகழ்தகவுகளைப் பிறப்பிக்கக்கூடும் என்று 2005இல் வாலன்டினியும் வெஸ்ட்மனும் கணினிக் கணக்கால் காட்டினர்.

ஆனால் 1964இல் ஜான் பெல் ஒரு வரம்பை நிறுவியிருந்தார். ஒன்றாகப் பிறந்து பிரிந்த இரு துகள்கள், சிப்பி முத்தைச் சுமப்பதுபோல் விடைகளைத் தம்முள் சுமந்து, தொலைவிலிருந்து ஒன்றையொன்று தீண்டாதிருந்தால், அவ்விடைகளின் ஒற்றுமை அந்த வரம்பைத் தாண்டாது. உள்ளிருக்கும் குழப்பம் எத்தனை சிக்கலானதாயினும் இது பொருந்தும். சோதனைகளிலோ வரம்பு மீறப்பட்டது. அதற்காக ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவரும் 2022இல் நோபல் பரிசு பெற்றனர். ஆகவே நியதியைக் காக்க விரும்புவோர் விலை கொடுத்தாக வேண்டும். போம் கொடுத்த விலை, எத்தொலைவிலும் உடனே எட்டும் தொடர்பு. ஜெரார்ட் ட் ஹூஃப்ட் போன்றோர் கொடுப்பது வேறு: எதை அளப்பது என்னும் ஆய்வாளரின் தேர்வும் துகளின் நிலையும் தொடக்கத்திலிருந்தே பிணைந்தவை என்கின்றனர்.

இந்த இரண்டாம் விலை எனக்கு மிகுதியாகத் தோன்றுகிறது. சாட்சியின் விடைக்கேற்பக் கேள்வியும் முன்பே அமைந்துவிட்ட வழக்கில் விசாரணைக்குப் பொருள் என்ன? அதற்காக, அணுவின் தற்செயலே மனிதச் சுதந்திரம் என்று மகிழ்வதும் பொருந்தாது. சீட்டுக் குலுக்கி எடுத்த முடிவு எவருடைய அறமும் அன்று. காரணங்களை எடைபோட்டுத் தேர்ந்து, செய்ததற்குப் பொறுப்பேற்பதே சுதந்திரம்.

இறைப் பராமரிப்பு தற்செயலை விலக்குவதில்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் வாதிட்டார். ஆகவே நியதி தளர்ந்தால் இறைவனின் ஆட்சி தளரும் என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. வெள்ளத்தை எவருடைய பாவத்திற்கும் தீர்ப்பென்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. அந்த மழை இயற்கை விதிப்படியே வந்தது. அதில் படகுகளோடு சென்று மக்களை மீட்ட மீனவர்களோ, வீட்டிலேயே இருந்திருக்கவும் முடியும்.