இசைவும் இறையாண்மையும்: புதுச்சேரி இணைப்பை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒரு நிலப்பகுதியின் இறையாண்மை ஓர் அரசிடமிருந்து மற்றோர் அரசுக்குக் கைமாறும்போது, அங்கு வாழ்வோரின் இசைவு எவ்வாறு அறியப்பட வேண்டும் என்பது அறவியல் வினாவாகும். நிலத்தின் நன்மையை மாந்தரின் நன்மையில் காணும் நோக்கு ஔவையாரின் புறநானூற்றுப் பாடலிலேயே (187) உண்டு. அந்நோக்கில், பிரெஞ்சிந்தியப் பகுதிகள் குறித்து இந்திய, பிரெஞ்சு அரசுகள் நடத்திய பேச்சுவார்த்தைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு வாக்கெடுப்புகள்

தொடர்புடைய மக்களின் இசைவின்றி எந்நிலப்பகுதியையும் விட்டுக்கொடுத்தல் செல்லாது என்பது 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசமைப்பின் 27ஆம் பிரிவு. மக்களே தம் எதிர்காலத்தை முடிவு செய்வர் என்பதை 1948 ஜூனில் இரு அரசுகளும் ஏற்றன. அதன்படி 1949 ஜூன் 19 அன்று சந்திரநாகூர் மக்கள் நேரடியாக வாக்களித்தனர். இணைப்பை 7,463 பேர் ஆதரித்தனர், 114 பேர் எதிர்த்தனர். புதுச்சேரியில் நிகழ்ந்தது வேறு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், பிரதிநிதித்துவ சபையினரும் நகராட்சி மன்றத்தினருமாக 178 பேர் வாக்களித்தனர். ஆதரித்தோர் 170 பேர், எதிர்த்தோர் எண்மர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது.

கீழூர் முறையைக் குறையுடையது என ஒதுக்கிவிட இயலாது. பேச்சுக்குப் போர்த்துகல் இணங்காத கோவாவில் 1961 டிசம்பரில் படை நுழைய நேர்ந்தது. புதுச்சேரியில் இறையாண்மை குருதியின்றிக் கைமாறியது. எனினும், ஊராட்சிப் பணிக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், தம்மைத் தேர்ந்தவர்களின் நாட்டையே மாற்றும் உரிமையையும் பெற்றவராவாரா என்ற வினா எஞ்சுகிறது.

மௌனமும் இசைவும்

இவ்வினாவிற்கு ஒருவகை விடை 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் உள்ளது. அது 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடியினர் இந்தியக் குடியினராவர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுத்து வழி அறிவிக்கலாம் என அது வகுத்தது. கீழூரில் கேட்கப்படாத தனிமனிதர் இங்குத்தான் முதன்முறையாகக் கேட்கப்பட்டார். சிறுபான்மைக் கருத்தினர்க்கும் இடமளித்த வகையில் இவ்விதி போற்றத்தக்கது.

ஆயினும் எழுதாதவர் அனைவரும் இசைந்தவராகவே கொள்ளப்பட்டனர். ‘மௌனம் சம்மதம்’ என்பது நிகரானவரிடையே பொருந்தலாம். அரசுக்கும் குடிக்கும் இடையே அது பொருந்தாது. அங்கு மௌனம் அறியாமையாலும் அச்சத்தாலும் எழுத்தறிவின்மையாலும் விளையக்கூடும். மேலும், நிலத்தின் நிலை மாறி ஏறத்தாழ எட்டாண்டு கடந்த பின்னரே இத்தெரிவு வந்தது. நிலம் முன்னும் மனிதர் பின்னுமாக வரிசை அமைந்தது.

முடிவுரை

புதுச்சேரி இணைப்பின் அறத்தகுதி 170 என்னும் எண்ணில் மட்டும் இல்லை. உடன்படாதவருக்கு அது விட்டுவைத்த வழியிலும் உள்ளது. அவ்வழியை, அதனை அறியவும் எழுதவும் வல்லவரே பயன்படுத்த இயலும் என்பது அதன் குறை. இறையாண்மைப் பேச்சுகளில் இசைவு என்பது மறுப்பின்மை அன்று. மறுக்க இயன்றவர் தரும் ஒப்புதலே இசைவாகும்.