உளமார

கோபாலபுரம் நாலாவது தெருவில் வேணுகோபாலசுவாமியைச் சேவித்துவிட்டு வெளியே வருகிறவன், துளசி வாசனை நாவிலும் சடாரியின் குளிர்ச்சி தலையிலும் இருக்கும்போதே, கடவுள் மறுப்பைத் தம் வாழ்நாள் கொள்கையாகக் கொண்டிருந்த ஒருவரின் வீட்டைக் கடந்துதான் போகவேண்டும். கலைஞர் மு. கருணாநிதி 1955-இல் வாங்கிய அந்த வீடும், அதற்கு அருகே குழலூதி நிற்கும் கண்ணனின் கோயிலும், இத்தனை ஆண்டுகளில் ஒன்றையொன்று முகம் சுளித்துப் பார்த்ததாக எங்கள் தெருக்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மார்கழி விடியலில் திருப்பாவை ஒலிக்கும். விடிந்தபின் கட்சிக் கரை வேட்டிகள் வந்து நிற்கும். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே காப்பிக் கடை.

2021 மே 7-ஆம் தேதி, அந்த வீட்டில் வளர்ந்த மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது, "உளமார உறுதி கூறுகிறேன்" என்று சொன்னதைத் தொலைக்காட்சியில் கேட்டுவிட்டு, கோயிலில் பூத்தொடுக்கும் மாமி ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன் சார், பெருமாள் பேரைச் சொல்லலைன்னா, அப்போ இதுக்கு சாட்சி யாரு?" அவர் குரலில் குறை கூறும் தொனி எதுவும் இல்லை, கடையில் கடன் சீட்டு எழுதும்போது ஜாமீன் யார் என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமியின் கேள்விக்கு உரிய பெரிய அரங்கம் டில்லியில் இருக்கிறது. புதிய மக்களவை கூடும் முதல் நாளன்று அங்கத்தினர்கள் எழுந்து சிறிது நேரம் மௌனமாக நிற்கிறார்கள். பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் அன்றாடம் பிரார்த்தனை உண்டு. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அதற்கென்றே ஒரு குருமார் நியமிக்கப்பட்டிருக்கிறார். நம் சபைக்கு வாய்த்தது இந்த மௌனம் ஒன்றுதான். பிறகு, அரசியல் சட்டத்தின் 99-ஆவது ஷரத்துப்படி, ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட தற்காலிகச் சபாநாயகர் முன்னிலையில் பிரமாணம் தொடங்குகிறது. பெயர் அழைக்கப்பட்டவர் மேஜையருகே வருகிறார். தமக்கு வேண்டிய மொழியில் அச்சிட்ட வாசகத்தைக் கையில் வாங்கிச் சபாநாயகர் ஆசனத்தை நோக்கி நின்று படிக்கிறார். வணக்கம் சொல்லி, அங்கத்தினர் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுத் தம் இடத்துக்குப் போகிறார். இதைச் செய்யாமல் சபையில் அமர்ந்து வாக்களித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்கிறது 104-ஆவது ஷரத்து. 1950-இல் 500 ரூபாய் ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு. இன்றும் அதே 500 தான். மனச்சாட்சிக்கு விலைவாசி ஏற்றம் கிடையாது போலும்.

அந்த வாசகம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அச்சாகியிருக்கும் விதம் ஒருமுறை நின்று பார்க்கத்தக்கது. வாக்கியத்தின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே கடவுளின் பெயரால் ஆணையிடுதல். கோட்டுக்குக் கீழே உறுதி கூறுதல். பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கில் மேலெண்ணும் கீழெண்ணும் நிற்பதைப் போல இரண்டும் நிற்கின்றன. கோட்டுக்கு இரு புறமும் உள்ள மற்றச் சொற்கள், அரசியல் சட்டத்திடம் விசுவாசமும் கடமையில் நேர்மையும் ஆகியவை, ஆஸ்திகருக்கும் நாஸ்திகருக்கும் பொது.

கடவுளின் பெயரை எங்கே வைப்பது என்பதில் அரசியல் நிர்ணய சபை படாத பாடு பட்டது. 1949 அக்டோபர் 17 அன்று முகவுரை விவாதத்துக்கு வந்தபோது, அதைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்கவேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை, தாம் நம்பிக்கையுள்ளவரே ஆயினும் இது நம்பிக்கையை நிர்ப்பந்தமாக்கும் என்று எதிர்த்தார். காமாக்யா தேவியின் நாட்டிலிருந்து வந்த ரோகிணி குமார் சௌதுரியோ, கடவுள் என்றால் போதாது, தேவியின் பெயராலும் என்று இருக்கவேண்டும் என்றார். கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் சங்கடத்தில் எங்களைத் தள்ளாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி மன்றாடினார். காமத் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68. தோற்றது காமத்தின் திருத்தம்தானேயொழியக் கடவுள் அல்ல என்பதை அந்தச் சபையில் இருந்த பக்தர்கள் அறிந்திருந்தார்கள். எதிர்த்து வாக்களித்தவர்களில் நாள்தோறும் பூஜை செய்கிறவர்களும் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மாமியின் கேள்விக்கு விடை தேடும்போது மொழிபெயர்ப்பில்தான் எனக்கு முதல் வெளிச்சம் கிடைத்தது. ஆங்கில மூலத்தில் கோட்டுக்குக் கீழே உள்ள 'சாலம்ன்லி' என்ற சொல்லின் தாற்பரியம், விளையாட்டாக இல்லாமல், சடங்குக்குரிய கண்ணியத்தோடு என்பது. ஹிந்தி வாசகத்தை ஆக்கியவர்கள் அந்த இடத்தில் 'சத்தியநிஷ்டை'யை வைத்தார்கள். தமிழில் ஆக்கியவர்கள் 'உளமார' என்றார்கள். உளம் ஆர, அதாவது உள்ளம் நிறையும்படி. ஆங்கிலம் கண்ணியத்தைக் கேட்கிறது. ஹிந்தி சத்தியத்தைக் கேட்கிறது. மூலத்தில் இல்லாத நெஞ்சைத் தமிழ் தானாகவே கொண்டுவந்து சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் இதை யோசித்துச் செய்தாரோ, கைப்பழக்கத்தில் வந்து விழுந்ததோ, எப்படியானாலும் அது நம் மரபின் கைப்பழக்கம். கடவுள் வாழ்த்தை முதல் அதிகாரமாக வைத்த வள்ளுவர், வாய்மையைப் பேசும்போது, தன் நெஞ்சறிந்து பொய் சொன்னவனை அவன் நெஞ்சே சுடும் என்றார். வஞ்சகனின் ஒழுக்கத்தைக் கண்டு அவன் உடம்புக்குள் இருக்கும் ஐந்து பூதங்களும் சிரிக்கும் என்றார். தண்டிப்பதற்குத் தேவலோகத்திலிருந்து யாரையும் அவர் வரவழைக்கவில்லை.

அதற்கு முந்தைய வழக்கம் வேறு என்பதையும் மறைக்கலாகாது. சங்க அகப்பாடல்களில் தலைவன் தெய்வத்தைச் சுட்டிச் சூளுரைக்கிறான். அந்தச் சூள் பொய்த்தால் மரத்தில் உறையும் தெய்வம் அவனை வருத்துமே என்று, ஏமாற்றப்பட்ட தலைவியே அஞ்சுகிறாள். சூளுக்குச் சாட்சி வெளியே இருந்தால் அச்சமும் வெளியிலிருந்து வரும். இரண்டும் தமிழரிடம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்து வந்திருக்கின்றன, எங்கள் நாலாவது தெருவைப் போலவே.

தர்க்க சாஸ்திரத்தில் பிரமாணம் என்றால் ஒன்றை அறிவதற்கான வாயில். காட்சி, கருதல், உரை என்று சைவ சித்தாந்திகள் அதை அளவை என்பார்கள். பதவி ஏற்பதற்கும் அதே சொல்லை நாம் வைத்துக்கொண்டிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் பொருத்தம் வியக்கத்தக்கது. பிறன் உள்ளத்தைக் கண்ணால் காண வழியில்லை; அவன் இனிமேல் செய்யப்போவதை அனுமானிக்கவும் இயலாது; எஞ்சியிருப்பது அவன் உரை மட்டுமே. ஆனால் உரை பிரமாணமாக வேண்டுமென்றால் சொல்பவன் ஆப்தனாக, நம்பத்தக்கவனாக, ஏற்கெனவே இருக்கவேண்டும் என்பது சாஸ்திரம். மேஜையருகே வந்து நிற்கும் அங்கத்தினரோ ஆப்தர் என்று இன்னும் நிரூபிக்கப்படாதவர்; அந்தக் குறையை ஈடுகட்டவே ஒரு பெரிய பெயரைத் துணைக்கு அழைக்கச் சொல்கிறோம். எல்லாம் அறிந்த இறைவனுக்கு இந்த ஆணையால் புதிதாகத் தெரியவருவது ஒன்றுமில்லை. ஜாமீன் கேட்பது எதிரே உட்கார்ந்திருக்கும் நாம்.

இங்கே சரித்திரத்தின் ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். கோட்டுக்குக் கீழே உள்ள சொற்கள் நாஸ்திகர்களுக்காக உண்டானவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவற்றை முதலில் போராடிப் பெற்றவர்கள் குவேக்கர்கள் என்ற பரம பக்தர்கள். எதன்மீதும் ஆணையிடாதே, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இரு என மலைப்பிரசங்கத்தில் இயேசு போதித்ததை எழுத்துக்கு எழுத்து ஏற்றுக்கொண்ட அவர்கள், இறைவன் பெயரை நீதிமன்றத்துக்கு இழுப்பது பாவம் என்று கருதிச் சிறைக்குப் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில்தான் இங்கிலாந்துச் சட்டம் அவர்களுக்கு இணங்கியது. பக்தர்கள் திறந்த அந்தக் கதவில் நாஸ்திகர் ஒருவர் நுழைய முயன்றது 1880-இல். நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்ற சார்லஸ் பிராட்லா, ஆணைக்குப் பதில் உறுதி கூற அனுமதி கேட்டார், மறுத்தார்கள். சரி, ஆணையே இடுகிறேன் என்றார். உனக்குக் கடவுள் இல்லையே, உன் ஆணைக்கு அர்த்தமேது என்று அதையும் மறுத்தார்கள். ஓரிரவு பாராளுமன்ற மணிக்கூண்டில் அவரைச் சிறை வைத்தார்கள். பின்னொரு நாள் சபை வாசலிலிருந்து ஆள்பலத்தால் வெளியேற்றினார்கள். தொகுதி மக்கள் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 1886-இல் இடம் கிடைத்தது. 1888-இல் அவர் முயற்சியாலேயே, யாரும் உறுதி கூறிப் பதவியேற்கலாம் என்று சட்டமும் வந்தது.

இந்தப் போராட்டம் நடந்த அதே ஆண்டுகளில் சென்னையில் இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பதும், அவர்கள் பிராட்லாவின் இயக்கத்தோடு தொடர்புள்ளவர்கள் என்பதும் இன்று அதிகம் பேருக்குத் தெரியாது. சுயமரியாதை இயக்கத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கதை அது. 1891-இல் பிராட்லா இறந்தபோது அவர் சவ அடக்கத்துக்குப் போனவர்களில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி ஒருவர். நாற்பது ஆண்டுகள் கழித்து, கடவுளே சத்தியம் என்று தாம் சொல்லிவந்ததைச் சத்தியமே கடவுள் என்று மாற்றிக்கொண்டதற்கு விளக்கம் சொன்னபோது, காந்தி அந்த நாஸ்திகரையே நினைவுகூர்ந்து, அவரைத் தெய்வபயம் உள்ளவர் என்றே தாம் கருதுவதாகவும், அவர் இதை ஒப்புக்கொண்டிருக்கமாட்டார் என்றும் கூறினார். ஹிந்தி வாசகத்தின் சத்தியநிஷ்டை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாவிட்டாலும், அது நிற்கும் நிலம் இதுதான்.

உள்ளத்தையே சாட்சியாக வைத்தாயிற்று. ஆனால் அந்த உள்ளம் சொல்லவேண்டிய வாசகத்தை எழுதுவது யார்? 1963-இல் இந்தக் கேள்வி தமிழ்நாட்டின் வாசலுக்கே வந்தது. திராவிட நாடு கோரிக்கை பலம் பெற்றிருந்த வேளையில், தேசிய ஒருமைப்பாட்டுக் குழுமம், சி.பி. ராமசாமி ஐயரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. எங்களிடமிருந்து அதிக தூரமில்லாத எல்டாம்ஸ் சாலையில் 'தி குரோவ்' மாளிகைக்கு உரியவர் அவர். குழுவின் யோசனையைத் தொடர்ந்து வந்த பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்ற சொற்களை உறுதிமொழியில் சேர்த்ததோடு, வேட்பாளராக நிற்கும்போதே அதைக் கூறவேண்டும் என்றும் விதித்தது. மாநிலங்களவையில் அண்ணா எதிர்த்துப் பேசினார், திருத்தம் நிறைவேறியது, அதே ஆண்டில் அவர் கட்சி பிரிவினையைக் கைவிட்டது. ராஜதந்திரமாக இதைப் பலரும் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் தத்துவ நோக்கில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. நேற்றுவரை வேறொன்றை விரும்பிய நெஞ்சு இன்று சட்டத்தின் ஆணைப்படி உளமாரச் சொல்லவேண்டியிருந்தது. நெஞ்சு மாறிய பிறகு சொன்னார்களா, சொன்னபிறகு நெஞ்சு மாறியதா? பக்தி இலக்கியம் படித்தவர்களுக்கு இரண்டாவது வழியும் அந்நியமல்ல. நாமத்தை முதலில் நா சொல்லட்டும், உள்ளம் பின்னால் வரும் என்பதுதானே பஜனைக்காரர் நம்பிக்கை. 1967-க்குப் பின் அந்தக் கட்சி ஆட்சி நடத்திய விதத்தைப் பார்த்தால், நா முன்னே போய் நெஞ்சைக் கையைப் பிடித்து அழைத்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

எல்லா நெஞ்சும் அச்சிட்ட வாசகத்துக்குள் அடங்குவதில்லை. கேரளத்தின் கொடுங்கல்லூரிலிருந்து 2001-இல் தேர்வான சட்டசபை அங்கத்தினர் ஒருவர் ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் பிரமாணம் செய்தார்; அவருக்குக் குருவே தெய்வம். உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2019-இல் தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் மக்களவையில் தமிழில் உறுதி கூறி முடித்ததும் 'தமிழ் வாழ்க' என்றார்கள். பிறர் தத்தம் தெய்வத்தையும் தலைவரையும் வாழ்த்தினார்கள். முன்னும் பின்னும் ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாதென்று 2024 ஜூலையில் சபாநாயகர் ஓம் பிர்லா நெறிமுறையைத் திருத்தினார். சபையின் ஒழுங்குக்கு அது வேண்டியதுதான். ஆயினும், உளமார என்று படித்து முடித்த அடுத்த கணமே உளத்தில் உண்மையாக நிறைந்திருந்தது வாய்வழி பொங்கி வழிந்ததைக் கண்டு நான் சிரித்திருக்கிறேனேயொழியக் கோபப்பட்டதில்லை.

சென்ற மாதம் மாமியிடம் இவற்றில் பாதியைச் சொன்னேன். குவேக்கர் கதை அவருக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லும்போது எனக்கே ஒன்று நினைவுக்கு வந்தது.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இருவருக்குள், இறந்துபோன தாயின் இரட்டை வடச் சங்கிலி எங்கே என்று வழக்கு. அரசமரத்தடிப் பிள்ளையார் முன்னால் பெரியவர்கள் கூடினார்கள். பித்தளைத் தட்டில் ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றினார்கள். தம்பி ஈரத் துண்டோடு முன்னால் வந்து, "அம்மா அதை அண்ணா கிட்டத்தான் கொடுத்தா, இது சத்தியம்" என்று ஒரே அடியில் கற்பூரத்தை அணைத்தான்; உள்ளங்கையில் கரி அப்பியது. மீண்டும் ஏற்றினார்கள். அண்ணன் தட்டருகே வந்து நின்றார். சுடர் உயர்ந்தது, நடுங்கியது, தணிந்தது. அவர் கை உயரவில்லை. "நான் எடுக்கலை. இதுக்கு மேலே சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லை" என்றார். கற்பூரம் தானாகவே எரிந்து அடங்கியது. அன்றே தெரு அவரைத் திருடன் என்று முடிவு கட்டியது.

நாலு மாதம் கழித்து, தாயின் பூஜைப் பெட்டியில் படத்துக்கு அடியிலிருந்து ஓர் அடகுச் சீட்டு கிடைத்தது. தம்பியின் கல்லூரிச் சம்பளத்துக்காகத் தாயே வைத்த அடகு. அவனுக்குத் தெரியக்கூடாது என்று மூத்தவனிடம் வாக்கு வாங்கியிருந்தாளாம். தம்பி சொன்ன சத்தியம் உளமாரச் சொன்ன பொய்.

மாமி தொடுத்துக்கொண்டிருந்த சரத்தை நிறுத்திவிட்டு, "அந்த அண்ணா அப்புறம் கோயிலுக்கு வந்தாரோ?" என்று கேட்டார்.

வந்தார். தினமும் வந்தார். பிரதட்சிணம் செய்வார், திருநீறு வாங்கிக்கொள்வார். ஆரத்தித் தட்டு வரும்போது மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்து நிற்பார்.