பதினான்கு வயதில் ஒரு கையொப்பம்

1912-லேயே இஸ்லாத்தைச் சட்டப்படி அங்கீகரித்த நாடு ஆஸ்திரியா. 1982 முதல் அங்கு அரசுப் பள்ளிகளில் இஸ்லாமியப் பாடம் நடந்து வருகிறது. பாடத்திட்டம் முஸ்லிம் சமூக அமைப்பினுடையது. ஆசிரியருக்குச் சம்பளம் அரசினுடையது. (நம்மவருக்கு வியப்பாயிருக்கும்!) ஆனால் 14 வயதானதும் மாணவன் தானே எழுதிக் கொடுத்து விலகிக் கொள்ளலாம். தந்தையின் சம்மதம் தேவையில்லை.

இது தகுமா? பெற்றோரின் உரிமை பறிபோகிறதே என்றுதான் முதலில் நமக்கும் தோன்றிற்று. ஆயினும், பருவமடைந்த பிள்ளையின் தொழுகைக்கு அல்லாஹ்விடம் அவனே பொறுப்பாளி என்றல்லவா ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன! அவனுக்காகத் தந்தை நிய்யத்து வைக்க முடியாது. மனமின்றி அமர்ந்து வாங்கும் மதிப்பெண் எதற்கு உதவும்?

ஏழு வயதில் தொழ ஏவுமாறு மார்க்கம் பணிக்கிறது. ஆக, அந்தக் கையொப்பத்திற்கு முன் தந்தைக்குக் கிடைத்தவை முழுதாக 7 ஆண்டுகள். பள்ளி ஆசிரியருக்கோ பெரும்பாலும் வாரத்தில் 2 மணி நேரந்தான்.