பூசி மெழுகாத ஆழ்வான்

(கூரத்தாழ்வான் திருநட்சத்திர உற்சவத்தில் நிகழ்த்திய உபன்யாசத்தின் எழுத்து வடிவம்)

ஸ்ரீவைஷ்ணவ வீடுகளில் யாரும் செத்துப்போவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? ஆசார்யன் திருவடி அடைகிறார்கள், பரமபதிக்கிறார்கள், திருநாட்டுக்கு எழுந்தருளுகிறார்கள். விளக்கை நாம் அணைப்பதில்லை, குளிரவைக்கிறோம். தாலிச் சரடு இற்றுப்போனால் 'பெருகிற்று' என்கிறோம். வாசல்படி தாண்டும்போது 'போறேன்' என்று சொல்லிப் பாருங்கள். பாட்டி திரும்பக் கூப்பிட்டு, 'போயிட்டு வரேன்' என்று சொல்லவைத்த பிறகுதான் விடுவாள்.

நம் இலக்கணக்காரர்கள் இதற்கு முறைப்படி இடம் கொடுத்திருக்கிறார்கள். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் ஜைனர். அவர் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்தார். சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது மங்கலம். மூன்றாவது குழூஉக்குறி, ஒரு தொழில்கூட்டம் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று உதாரணமும் காட்டுவார்கள்.

முதல் இரண்டிலும் ஏமாற்று இல்லை. 'பரமபதித்தார்' என்றால் இறந்துவிட்டார் என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அழுகிறவளுக்கு எதிரே நின்று பேசுகிறோம், நாக்கைக் கொஞ்சம் மிருதுவாக்கிக்கொள்கிறோம். அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் வம்பு. காஞ்சிபுரம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் போகக்கூடாது. 'டெஸ்டட் ஜரிகை' என்று ஒரு சொல் கடைகளில் நடமாடுகிறது. பெரும்பாலும் செம்புக் கம்பி, மேலே மெல்லிய பூச்சு. நெசவாளிக்கும் வியாபாரிக்கும் அதன் தரம் தெரியும். பெண்ணுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்த தாய்க்கு என்ன கேட்கும்? சோதித்துத் தேறிய ஜரிகை என்று கேட்கும். 'ஆர்ட் சில்க்' என்றால் கலைநயமுள்ள பட்டு என்று நினைப்பாள். செயற்கை என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் பாதியை வெட்டினால் வருவது அந்த 'ஆர்ட்'. குழூஉக்குறி மங்கலத்தின் வேஷம் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது. தறிக்குழியில் கால் மரத்துப்போக நல்ல பட்டு நெய்தவருடைய கூலியும் இந்தச் சொல்லால்தான் அடிபடுகிறது.

இப்போது நம்ம ஊர்க்காரர் கூரத்தாழ்வானுக்கு வருவோம்.

குருபரம்பரை நூல்கள் சொல்வது இது. சோழன் சபைக்கு ராமானுஜரை அழைத்துவர ஆள் வந்தபோது, ஆழ்வான் அவருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தான் தரித்துக்கொண்டு ராமானுஜருடைய ஆசார்யரான பெரிய நம்பிகளோடு புறப்பட்டார். உடையை மாற்றினாரே, அது பொய்யில்லையா என்று ஒரு பிள்ளை கேட்பான். கேட்கட்டும். அந்தப் பொய்யால் ஆபத்து வந்தது யாருக்கு? அவருக்கு. பிழைத்தது யார்? அவருடைய ஆசார்யரான ராமானுஜர். வியாபாரியின் சொல்லில் இது தலைகீழ்.

சபையில் ஓலையை நீட்டினார்கள். சிவனுக்கு மேல் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும். ஆழ்வானோ சொல்வன்மைக்குப் பேர்போனவர். இரண்டு பக்கமும் பொருள்படும்படி ஒரு வாக்கியம் அமைத்துவிட்டுத் தப்பித்து வந்திருக்கலாம். அவரும் சிலேடைதான் செய்தார், ஆனால் ஒளிந்துகொள்ளச் செய்யவில்லை. 'சிவம்' என்பது குறுணி அளவுக்கும் பெயர். குறுணிக்கு மேலே பதக்கு, அதாவது துரோணம், இருக்கிறதே என்று எழுதிக் கொடுத்தார். அரசன் முகத்துக்கு நேரே வைத்த மறுப்பு அது. கண்கள் போயின. பெரிய நம்பிகள் ஸ்ரீரங்கம் திரும்பும் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். (பாருங்கள், எனக்கும் வேறு சொல் வரவில்லை.)

இந்தச் சரித்திரத்தை வைத்துச் சைவர்களை வைவது சிலருக்கு வழக்கம். அடியேனுக்கு அதில் ருசி இல்லை. கட்டாயக் கையெழுத்து எந்தச் சபையில் வாங்கினாலும் கட்டாயக் கையெழுத்துதான்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது ஸ்ரீரங்கத்து வாசலில் நடந்தது. கண்ணில்லாமல் தடவிக்கொண்டு பெருமாளைச் சேவிக்க வருகிறார். ராமானுஜரைச் சேர்ந்தவர்களை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. காவலாளிகளில் ஒருவன், 'இவர் நல்ல குணசாலி, இவரை விடலாம்' என்றான். மரியாதையான வார்த்தை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போயிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? 'நல்ல மனுஷர்' என்ற அந்தப் பூச்சுக்கு அடியில் 'இவருக்கு ராமானுஜ சம்பந்தம் இல்லை' என்பது இருப்பதை ஆழ்வான் கண்டுகொண்டார். என் குணம் என்னை என் ஆசார்யரிடமிருந்து பிரிக்குமானால் அந்தத் தரிசனமே வேண்டாம் என்று திரும்பி, திருமாலிருஞ்சோலைக்குப் போய்விட்டார்.

அதே மனிதர், ராமானுஜர் தாம் தப்பிப் போயிருந்த மேல்கோட்டைப் பக்கத்திலிருந்து திரும்பிவந்து தன் கண்களைப் பார்த்துக் கலங்கியபோது எப்படிப் பேசினார்? அரசன் செய்த கொடுமை என்று சொல்லவில்லை. யாரோ ஒரு பாகவதருடைய திருமண் கோணலாக இருக்கிறது என்று என்றைக்கோ நினைத்திருப்பேன், அதற்கு வந்த பலன் என்றார். இது மெழுகுதலா? மெழுகுதல்தான். தனக்கு நேர்ந்ததை மெழுகினார், கேட்டு நொந்துபோகிறவருக்காக.

ராமானுஜர் விடவில்லை. காஞ்சி வரதராஜனான பேரருளாளனிடம் கண்ணைக் கேள் என்றார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் பாடினார். என்ன வேண்டும் என்று பெருமாள் கேட்க, சோழன் சபைக்கு வழிசொல்லிக் கொடுத்த நாலூரான் என்பவனுக்கும் தனக்குக் கிடைக்கும் பேறு கிடைக்கவேண்டும் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். கண்ணைக் கேட்காமல் வந்தவரிடம் ராமானுஜர் கோபித்துக்கொண்ட கதை பெரிது. அதை நாளைக்கு வைத்துக்கொள்வோம். சாற்றுமுறைக்கு நேரமாகிவிட்டது, எழுந்து இடம் விடுங்கள்.