வீட்டில் எத்தனை வைஃபை?

புதிய ரவுட்டரைப் பொருத்தும்போது அது முதலில் பெயர் கேட்கும், அப்புறம் பாஸ்வேர்ட் கேட்கும். மூன்றாவதாக ஒரு கேள்வி வரும்: விருந்தினருக்குத் தனி நெட்வொர்க் வேண்டுமா? பெரும்பாலோர் இதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறோம். நின்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமான கேள்வி அது. இந்த வீட்டில் யார் வீட்டு ஆள், யார் விருந்தாளி என்று ஒரு இயந்திரத்திடம் சொல்லியாக வேண்டும்.

ஏன் பிரிக்க வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஒரே ரவுட்டர் இரண்டு, மூன்று பெயர்களில் வைஃபை கொடுக்க முடியும். சரியாக அமைத்தால், ஒரு பெயரில் இணைந்த கருவிக்கு இன்னொரு பெயரில் இருப்பது கண்ணில் படாது. மலிவு விலை கேமராவும் பல்பும் வாங்குகிறோம். செய்த நிறுவனம் இரண்டொரு வருடத்தில் அதற்கு அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது, பல்பு மட்டும் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்தது. அதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரிலும் ஒரு நிறுவனத்தின் வீட்டு இணையச் சேவை இரண்டு முறை தடைபட்டது. தாக்குதல் வந்தது வாடிக்கையாளர்களின் சொந்தக் கருவிகளிலிருந்துதான் என்று நிறுவனம் சொன்னது. 2020இல் இங்குள்ள வீட்டுக் கேமராக்களின் காட்சிகள் திருடப்பட்டு ஆபாசத் தளங்களில் வந்தன. இணையப் பாதுகாப்பு அமைப்பு வீட்டுக் கருவிகளுக்கு நான்கு நிலை முத்திரைத் திட்டம் கொண்டுவந்ததும் அந்த வருடம்தான்.

ஆகவே பொருள்களைத் தனியாக ஒதுக்குவதில் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. ஏர் ஃபிரையருக்கு மனம் புண்படாது.

சிக்கல் ஆட்களிடம் வரும்போது ஆரம்பிக்கிறது. என் நண்பர் ஒருவர் கணினிப் பாதுகாப்புத் துறையில் இருக்கிறார். அவர் வீட்டில் நான்கு நெட்வொர்க். ஆபீஸ் மடிக்கணினிக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று, பொருள்களுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. நான்கு வருடமாக அந்த வீட்டிலேயே தூங்கி எழுந்து சமைக்கும் பணிப்பெண்ணின் ஃபோன் விருந்தினர் நெட்வொர்க்கில் இருக்கிறது. "அவங்க ஃபோன்ல என்னென்ன ஆப் இருக்குன்னு எனக்குத் தெரியாதுல்ல? இது பாதுகாப்பு விஷயம், வேற ஒண்ணும் இல்ல" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவருடைய பதினான்கு வயது மகன் எங்கெங்கிருந்தோ இறக்கிய கேம்களை ஃபோனில் வைத்திருக்கிறான் என்று அலுத்துக்கொண்டவரும் அவரேதான். அந்த ஃபோன் குடும்ப நெட்வொர்க்கில் இருக்கிறது. ஆபத்துதான் அளவுகோல் என்றால் முதலில் வெளியே போக வேண்டியவன் அந்தப் பையன். அதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். "அவன் என் மகன் லா."

அந்தப் பதிலை நான் குறையாகச் சொல்லவில்லை, நேர்மையான பதில் அது. பெற்ற பிள்ளையை அதிகம் நம்புவது குற்றமா என்ன? ஆனால் 'பாதுகாப்பு' என்ற சொல்லில் தொடங்கிய பேச்சு 'நம்ம ஆள்' என்ற சொல்லில் வந்து நின்றதை அவரும் கவனித்தார், நானும் கவனித்தேன்.

திண்ணையைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவோம். வழிப்போக்கன் யாரையும் கேட்காமல் படுத்து எழுந்து போகலாம். உண்மைதான். ஆனால் இதுவரை வரலாம், இதற்கு மேல் வேண்டாம் என்று சொன்னதும் அதே திண்ணைதான். கொல்லைப்புறமாக மட்டும் வந்து போனவர்களுக்கு அந்தத் திண்ணையும் இல்லை. தமிழ்நாட்டு டீக்கடைகளில் இருந்த இரட்டைக் குவளையை எடுத்துக்கொள்வோம். அதே டீ, அதே விலை, குவளை மட்டும்தான் வேறு என்று அதற்கும் சமாதானம் சொல்லலாம். விருந்தினர் நெட்வொர்க்கிலும் அதே வேகம்தானே வருகிறது என்று நண்பர் சொன்னபோது எனக்கு உள்ளே ஏதோ இடறியது.

இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. தீட்டு கற்பனை, மிராய் நிஜம். குவளையைப் பிரித்தவனுக்குப் பிறப்பைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஆனால் இந்தத் துறையின் மொழியைக் கவனித்துப் பாருங்கள். வைரஸ், தொற்று, சுத்தமான கருவி, 'சைபர் சுகாதாரம்'. நிஜமான ஓர் ஆபத்துக்காக வந்த சொற்கள் இவை. பழைய பழக்கம் ஒன்று இந்தச் சொற்களைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

1795இல் எழுதிய 'நிரந்தர அமைதி' நூலில் கான்ட் ஒரு சோதனையைச் சொல்கிறார். ஒரு செயலின் விதியை வெளிப்படையாகச் சொல்ல முடியாதென்றால், சொன்ன உடனே அது நடக்காமல் போய்விடும் என்றால், அந்தச் செயல் அநியாயம். அவர் பேசியது அரசுகளைப் பற்றி, நான் அதை வீவக வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். பிரிப்பதற்கான காரணத்தை, பிரிக்கப்படுகிறவரிடம் முகம் பார்த்துச் சொல்ல முடியுமா? கேமராவைப் பற்றி இங்கே மனிதவள அமைச்சு கேட்பதும் ஏறக்குறைய இதுதான். பணிப்பெண் இருக்கும் வீட்டில் கேமரா எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும், அவர் தூங்கும், உடை மாற்றும் இடத்தில் வைக்கக்கூடாது.

ஆனால் வீட்டுக்குள் இந்தச் சோதனை பாதிதான் வேலை செய்கிறது. வேலை அனுமதிச்சீட்டு முதலாளியின் கையில் இருக்கும்போது, எந்தக் காரணத்தைச் சொன்னாலும் "சரி மேடம்" என்றுதான் பதில் வரும். அந்தச் சரியை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சுவரைவிட எனக்குப் பயமாக இருப்பது ரவுட்டர் ஆப்பில் இருக்கும் ஒரு சின்னப் பொத்தான். ஒரு ஃபோனின் பெயரைத் தொட்டு 'நிறுத்து' என்று அழுத்தினால் அந்த ஒரு ஃபோனுக்கு மட்டும் இணையம் நின்றுவிடும். இத்தனை மணிக்கு மேல் தானாகவே நிற்கும்படியும் செய்யலாம். பிள்ளைகளுக்காக வைத்த வசதி. பெரியவர்கள்மேலும் அது அப்படியே வேலை செய்யும். வேலை முடிந்து இரவு பத்து மணிக்குமேல் ஊரில் இருக்கும் மகனை வீடியோவில் பார்க்கிற ஒருத்திக்கு அந்தப் பொத்தான் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. சுவரையாவது கருவிகளுக்காக என்று சொல்லித் தப்பிக்கலாம்.

'ஜீரோ டிரஸ்ட்' என்று ஒரு கொள்கை உண்டு. 2010இல் ஜான் கிண்டர்வாக் பிரபலப்படுத்தியது. உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்ற பேதமே வேண்டாம், எவரையும் எந்தக் கருவியையும் ஒவ்வொரு முறையும் சோதித்துத்தான் விட வேண்டும் என்கிறது. ஒரு வகையில் இதைவிடச் சமத்துவம் ஏது? அம்மா, மகன், பணிப்பெண், நான், எல்லாருமே விருந்தாளி. நிறுவனங்களுக்கு இது பொருந்தும். வீட்டில் எல்லாரையும் விருந்தாளியாக்கிப் பார்த்தால் முதலில் காணாமல் போவது பிரிண்டர்தான். (எங்கள் வீட்டுப் பிரிண்டர் ஒரே நெட்வொர்க்கில் இருந்தாலும் காணாமல் போகும், அது வேறு கதை.)

எங்கள் வீட்டில் மூன்று பெயர்கள். பொருள்களுக்கு ஒன்று. என் ஆபீஸ் மடிக்கணினிக்கும் வந்துபோகிறவர்களுக்கும் ஒன்று. இந்த வீட்டில் தூங்கி எழுகிற எல்லாருக்கும் ஒன்று. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் கக்காக்கும் மூன்றாவதில்தான் இருக்கிறார். ஆபீஸ் கணினியில் என்ன ஓடுகிறது என்பது எனக்கே தெரியாது, வெளியே போக வேண்டியது அதுதான். கக்காக்கின் ஃபோனை ஒருநாள் இருவருமாக உட்கார்ந்து அப்டேட் செய்தோம், கூடவே என்னுடையதையும். அவர் படுப்பது பாம் ஷெல்டரில். 1998க்குப் பிறகு கட்டிய வீடுகளில் இருக்கும் அந்தத் தடித்த கான்கிரீட் சுவருக்குள் எந்த நெட்வொர்க்கும் ஒழுங்காகப் போகாது. யாரை எந்தப் பெயரில் வைப்பது என்று நான் நாள்கணக்காக யோசித்துக்கொண்டிருக்க, அவருக்கு வேண்டியிருந்தது கதவோரத்தில் ஒரு சிக்னல் பெட்டி.

அம்மா விழுந்துவிடக்கூடாதே என்று கூடத்தில் ஒரு கேமரா இருக்கிறது. அதன் ஆப் கக்காக்கின் ஃபோனிலும் இருக்கிறது. கீழே மார்க்கெட்டுக்குப் போகும்போது அவரும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். சில சமயம் சோபாவில் தூங்கும் என்னையும் பார்த்திருப்பார்.

ரவுட்டரின் பட்டியல்தான் மிச்சம் இருக்கிறது. யாருடைய ஃபோன் எப்போது இணைந்தது, எத்தனை மணி வரை பச்சையாக எரிந்தது என்று அது எழுதி வைக்கிறது. அறிவிப்புகளை அணைத்துவிட்டேன். ஆனாலும் வேறு எதற்காவது ஆப்பைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அந்தப் பட்டியல் வந்து நிற்கிறது. நேற்று இரவு 12.40 வரை அவர் விழித்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அதை மறைத்து வைக்க ரவுட்டரில் எங்கேயும் ஒரு பொத்தான் இல்லை.