பெறாத தாயரின் பெருமை

திருமலையில் ஏழுமலையானைத் தரிசித்துக் கீழிறங்கி, திருச்சானூரில் அலர்மேல்மங்கைத் தாயாரின் சந்நிதியில் கைகூப்பி நிற்கும் பெண்கள் பலரின் வேண்டுதல் ஒன்றே: ‘தாயே, எனக்கு ஒரு குழந்தை!’ அந்த வேண்டுதலுக்கு அடியில் அச்சமும் மறைந்திருக்கிறது. ‘குறை என்னிடம்தானோ?’ மாதந்தோறும் எதிர்பார்ப்பும் ஏமாற்றமும் மாறிமாறி வர, உறக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது.

இத்தகைய சகோதரியர் திருவேங்கடத்தின் புராணத்தைச் சற்றே சிந்திக்க வேண்டும். நாராயணவனத்தை ஆண்ட ஆகாசராஜன் மகப்பேறின்றி வருந்தியவன். வேள்விக்காக நிலத்தை உழுதபோது தாமரையில் அவனுக்குக் கிடைத்த குழந்தையே பத்மாவதி. ஸ்ரீநிவாசனுக்கோ அன்னையாக நின்று அமுதூட்டியவள் வகுளமாதா. யசோதையாக இருந்தபோது கண்ணனின் திருமணத்தைக் காணாத ஏக்கம் தீர வந்தவள் என்பர். ஆக, அந்தத் தெய்வத் திருமணத்தில் மணமகளின் தந்தையும் மணமகனின் அன்னையும் பெறாமல் வளர்த்தவர்களே! திருப்பதியை அடுத்த பேரூரில் வகுளமாதாவின் ஆலயம் 2022-இல் புதுப்பொலிவு பெற்றது. பெறாத தாய்க்கும் அங்கே பூஜை நடக்கிறது. அப்படியிருக்க, பெறாத மகளை நாம் இழிவாகப் பேசலாமா?

உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்வில் கருத்தரியாமையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. ஏறத்தாழப் பாதித் தம்பதியரிடத்தில் காரணம் ஆணிடமும் இருக்கிறது. எனவே பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே செல்வது முறை. ‘கவலைப்படாமல் இரு, தானே கருத்தரிக்கும்’ என்பது நல்லெண்ணத்தில் சொல்லப்படும் சொல்தான். ஆயினும் அது அவளது கவலையையே குற்றமாக்கி விடுகிறது.

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனின் உடல் நடுங்கியது. கையிலிருந்து வில் நழுவியது. பகவான் அவன் புலம்பலை முழுவதும் கேட்டார், பிறகே உபதேசித்தார். வீட்டிலுள்ளோரும் முதலில் கேட்கக் கற்க வேண்டும்.

அன்புச் சகோதரியே! காலையும் மாலையும் சிறிது நேரம் அமருங்கள். மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதைவிட நீளமாக வெளிவிட்டு, இஷ்ட தெய்வத்தின் நாமத்தை ஜபியுங்கள். படபடப்பு தணியும். மருந்தை நிறுத்த வேண்டாம். துயரம் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரையும் நாடுங்கள். இந்த ஜபம் குழந்தைக்காகக் கொடுக்கும் விலை அன்று. உங்கள் மன அமைதிக்கானது. குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் தாயாரின் குழந்தை. அந்த உறவில் குறையேதும் இல்லை.