நிறுத்து விற்ற நஞ்சு

ஒரு பொருளை விலைக்குக் கொடுத்துக் காசைக் கையில் வாங்கிவிட்டால், அதனைப் பற்றிய பொறுப்பும் நம்மை விட்டு நீங்கிவிடுகிறதா? மார்க்கச் சட்ட அறிஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்த வினா இது. பொருளில் மறைவான குறை இருப்பதை விற்பவன் அறிந்திருந்தால், அதை வாங்குபவனிடம் சொல்லியாக வேண்டும் என்பது அவர்களின் முடிவு. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்த பெருமானார் (ஸல்) அவர்கள், விரல்களில் ஈரம் படக் கண்டு, நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்று வணிகரைக் கடிந்துகொண்ட வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவர்.

நனைந்த தானியத்தைக் கையால் தொட்டறியலாம். நிக்கல் காட்மியம் மின்கலத்தின் குறை அத்தகையதன்று. 1899-இல் சுவீடன் நாட்டு வால்டெமர் யுங்னர் கண்டறிந்த இக்கலம், மின்னேற்றிப் பயன்படுத்தும் கைவிளக்கு, கம்பியில்லாத் தொலைபேசி, முகம் மழிக்கும் கருவி முதலியவற்றுள் அமர்ந்து, நம்மவர் அரபு நாடுகளிலிருந்து ஆசையோடு கொண்டுவந்த பெட்டிகளிலும் பயணம் செய்தது. இன்று பரண்மீது கிடக்கும் அதனைப் பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுகிறோம். வாங்கியவர் நெருப்பிலிட்டால் அதன் புகை நுரையீரலைத் தாக்கும். சாம்பல் மண்ணிலும் நீரிலும் கலக்கும். உடலில் புகுந்த காட்மியம் பல்லாண்டுகள் தங்கி, சிறுநீரகத்தைக் கெடுத்து, பின் எலும்பையும் நலிவிக்கும்.

எலும்பைக் கெடுக்கும் நீரைப் பற்றித் தருமபுரி மாவட்டத்தாருக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்பை மீறிய ஃபுளோரைடு, பற்களைக் கறையாக்கி மூட்டுகளை முடக்கிய ஊர்கள் அங்கே பல. 2013-இல் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் திட்டம் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்தது. அதே ஜப்பானில், கமியோக்கா சுரங்கத்தின் காட்மியம் ஜின்சு ஆற்றில் கலந்து நெல்வயல்களில் பாய்ந்தது. அந்நீரைக் குடித்து அச்சோற்றை உண்ட தாய்மார்கள் எலும்பு நொறுங்கி, "இத்தாய், இத்தாய்" (வலிக்கிறது, வலிக்கிறது) என்று கதறினர். அதுவே நோய்க்கும் பெயராயிற்று. 1968-இல் அந்நாட்டரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. தருமபுரியின் ஃபுளோரைடு பாறையிலிருந்து வந்தது. பாறையிடம் யார் கணக்குக் கேட்பது? ஜின்சு ஆற்றின் நஞ்சோ மனிதர் கைவழியே இறங்கியது.

"இது நச்சுப் பொருள் என்று சொல்லியே விற்றேன்" என்று ஒருவர் வாதிடலாம். வாங்கியவர் அளவில் அது செல்லும். கிணற்று நீரைக் குடிப்பவர் அந்தப் பேரத்தில் இருந்தாரா? ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் வீடு வீடாகச் சென்று பொருத்தம் கேட்பது நம் வழக்கம். அடியாருக்குச் செய்த தீங்கை அவ்வடியாரே பொறுத்தாக வேண்டும் என்ற அச்சமே அதன் வேர். முகம் அறியாத, இன்னும் பிறவாத ஒருவரின் வாசலை எங்கே சென்று தட்டுவது?

முறையான ஆலையில், மூடிய உலையில் காட்மியத்தை ஆவியாக்கிப் பிடித்து மீண்டும் மின்கலத்துக்கே அனுப்புகிறார்கள். நிக்கல் எவர்சில்வராகி அடுக்களைக்கும் வரக்கூடும். 2022-இன் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதும், வீட்டுக் குப்பையில் கலவாமல் பிரித்து வைக்கும் பொறுப்பை நம்மீதும் சுமத்தியுள்ளன. முனைகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறாதபடி ஒட்டுநாடா ஒட்டி, வெண்பொடி கசிந்ததை வெறுங்கையால் தொடாமல், உலர்ந்த நெகிழிப் புட்டியில் இட்டுப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கலாம். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் வழி கிட்டும்வரை அது பரண்மீதே இருக்கட்டும்; இடத்தை அடைக்கும் பொருளும் அன்று.